கார்ட்டூன்தானே என்று விட்டுவிடலாமா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரியவர்களுக்கான ஒரு ஜப்பானியத் தொடர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆன்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "இதில் படம் பார்க்கலாமா?" என்பது. யாருமே கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் நான்கு பேர் இதைப் பயன்படுத்தப் போகிறோம். நால்வருக்கும் தனித்தனியாக எப்படி அமைப்பது?" இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் நானும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். என் சொந்த அக்கா வீட்டிலேயே அப்படி விட்டதன் விளைவைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

நான் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். அக்கா வீடு ஆவடியில், காமராஜ் நகரில் இருக்கிறது. அத்தானுக்கு டேங்க் பேக்டரியில் வேலை. மகன் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான், வயது 19. மகள் மூன்றாம் வகுப்பு. மகனின் படிப்புக்காகச் சென்ற ஆண்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பாகங்களை வாங்கி, அசெம்பிள் செய்து, விண்டோஸ் 11 போட்டு, ஹாலில் வைத்துக் கொடுத்தவன் நான்தான். ஒரே ஒரு யூசர் அக்கவுண்ட். பாஸ்வேர்ட் கிடையாது. "வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எதுக்குடா பாஸ்வேர்டு?" என்று அக்கா கேட்டாள். நானும் சரி என்றேன்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "டேய் தம்பி, பாப்பா ராத்திரி பூரா தூங்கலடா. லைட்டை அணைச்சா கத்துறா" என்றாள். மாலையில் கடையை மூடிவிட்டு அம்பத்தூரில் ரயில் ஏறினேன். திருமுல்லைவாயல், அன்னனூர் தாண்டினால் ஆவடி. வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வியை இன்னும் மறக்க முடியவில்லை. "மாமா, அப்பா நைட் ஷிஃப்ட் போயிட்டு வரும்போது வேற மாதிரி மாறிடுவாரா?"

நடந்தது இதுதான். சனிக்கிழமை இரவு பையன் ஒரு ஜப்பானிய அனிமேத் தொடர் பார்த்திருக்கிறான். பாதியில் தூக்கம் வந்ததும் பிரவுசரை மூடாமல் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டான். ஞாயிறு காலை பாப்பா மானிட்டரைப் போட்டாள். திரையில் பொம்மைப் படம். அம்புக்குறி போன்ற பட்டனை அழுத்தினாள். படம் ஓடியது. சமையலறையில் இருந்த அக்காவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. "கார்ட்டூன் சத்தம்தானேடா கேட்டுச்சு, அதான் விட்டுட்டேன்" என்றாள். மனிதன் ஒருவனின் உடல் முறுக்கிக்கொண்டு அரக்கனாக மாறும் காட்சியை எட்டு வயதுக் குழந்தை தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

அத்தான் என்ன செய்தார்? இண்டர்நெட் மோடத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பையனுக்கு அந்த வாரம் அனிமேஷன் புராஜெக்ட் கொடுக்க வேண்டிய வாரம். "கண்ட கருமத்தைப் பார்க்கிறவனுக்கு நெட் எதுக்கு?" என்றார். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. தவறு யாருடையது என்று யோசித்தால், முதல் பங்கு எனக்குத்தான். பூட்டு போட எல்லா வசதியும் கம்ப்யூட்டரிலும் இருந்தது, படம் காட்டும் தளத்திலும் இருந்தது. அதைச் செய்து கொடுக்காதவன் நான்.

அத்தானிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்தத் தொடர் உண்மையிலேயே "கண்ட கருமம்"தானா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. இரவு கடை மூடிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பத்துப் பகுதிகளையும் பார்த்தேன். பார்த்ததை முதலில் சொல்கிறேன். பிறகு செட்டிங்ஸ் பக்கம் போவோம்.

அனிமே என்றால் என்ன?

ஜப்பானில் தயாராகும் அனிமேஷன் படங்களையும் தொடர்களையும் அனிமே என்கிறார்கள். அங்கே வரும் படக்கதைப் புத்தகங்களுக்கு மங்கா என்று பெயர். பெரும்பாலான அனிமேத் தொடர்கள் ஏதாவது ஒரு மங்காவிலிருந்து எடுக்கப்பட்டவை. நாம் கவனிக்க வேண்டிய விஷயம், அனிமே என்பது ஒரு வயதினருக்கானது அல்ல. நம் ஊரில் சினிமா என்றால் பக்திப் படமும் உண்டு, பேய்ப் படமும் உண்டு, வயது வந்தவர்களுக்கு மட்டுமான படமும் உண்டு. அதேபோல் ஜப்பானில் சிறுவர், இளைஞர், பெரியவர் என்று எல்லாருக்கும் தனித்தனியாக வரைகிறார்கள்.

இந்தியாவுக்கு இது புதிதல்ல. 2004 ஆம் ஆண்டு அனிமேக்ஸ் என்ற சேனல் இங்கே ஒளிபரப்பைத் தொடங்கியது. 2017 இல் அது நிறுத்தப்பட்டது. அதற்குள் நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 12 அன்று "டீமன் ஸ்லேயர்: இன்பினிட்டி காஸில்" திரைப்படம் ஜப்பானிய மொழியோடு ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளிலும் இந்தியத் தியேட்டர்களில் வெளியானது. அரக்கர்களை வாளால் வெட்டி வீழ்த்தும் கதை. தமிழில் பேசும் அனிமே தியேட்டருக்கே வந்துவிட்ட பிறகு, "நம் வீட்டில் இதெல்லாம் பார்ப்பதில்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

டெவில்மேன்: 1972 முதல் 2018 வரை

பையன் பார்த்த தொடரின் பெயர் "டெவில்மேன் கிரைபேபி". "கிரைபேபி" என்றால் எதற்கெடுத்தாலும் அழுகிறவன், அழுமூஞ்சி. மொத்தம் பத்துப் பகுதிகள். 2018 ஜனவரி 5 அன்று நெட்பிளிக்ஸில் உலகம் முழுவதும் ஒரே நாளில் வெளியானது.

இதன் மூலக் கதையை எழுதி வரைந்தவர் கோ நகாய். 1972 ஜூனில் ஒரு வார இதழில் "டெவில்மேன்" மங்காவைத் தொடங்கி 1973 இல் முடித்தார். ராட்சத ரோபோவுக்குள் மனிதன் உட்கார்ந்து ஓட்டும் "மசிங்கர் இசட்" கதையை உருவாக்கியவரும் இவரே. டெவில்மேன் மங்கா வந்துகொண்டிருந்த அதே 1972 இல் ஜப்பான் டி.வி.யிலும் டெவில்மேன் தொடர் ஆரம்பமானது. 39 பகுதிகள் ஓடியது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, கதை வேறு. டி.வி.யில் வந்தது சிறுவர்களும் பார்க்கும்படியான வீரனின் கதை. புத்தகத்தில் வந்தது இருளும் ரத்தமும் நிறைந்த கதை. ஒரே பெயரில் சிறுவர் தொடரும் பெரியவர் கதையும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பெயரை மட்டும் பார்த்து "இது குழந்தைப் படம்" என்று முடிவு செய்யாதீர்கள்.

கோ நகாய் படக்கதை உலகுக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆனதையொட்டித்தான் புதிய தொடர் தயாரானது. இயக்கியவர் மசாகி யுவாசா. தயாரித்தது அவர் தொடங்கிய சயின்ஸ் சாரு ஸ்டூடியோ. பழைய தொடர்கள் எதுவும் செய்யாத ஒரு காரியத்தை இவர்கள் செய்தார்கள். மங்காவின் முடிவு வரை முழுக் கதையையும் எடுத்தார்கள். 2018 ஆம் ஆண்டின் சிறந்த அனிமே, சிறந்த இயக்குநர் ஆகிய இரண்டு விருதுகளையும் கிரன்ச்சிரோல் விருது விழாவில் இந்தத் தொடர் பெற்றது.

கதை என்ன?

அகிரா என்ற பள்ளி மாணவன். மெலிந்தவன், பயந்தவன். மற்றவர் வலியைப் பார்த்தாலே அழுதுவிடுவான். மிகி என்ற ஓட்டப்பந்தய வீராங்கனையின் குடும்பத்தோடு தங்கியிருக்கிறான். அவனுடைய பால்ய நண்பன் ரியோ ஒருநாள் வந்து, "பழங்காலத்து அரக்கர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மனிதர்களின் உடலுக்குள் புகுந்துகொள்கிறார்கள். அவர்களை எதிர்க்க வேண்டுமானால் அந்தப் பலத்தை நாமும் வாங்க வேண்டும்" என்கிறான். ரியோ அழைத்துப் போகும் இடத்தில் அமோன் என்ற அரக்கன் அகிராவின் உடலுக்குள் புகுகிறான். உடல் அரக்கனுடையதாகிறது. மனம் மட்டும் அகிராவுடையதாகவே நிற்கிறது. அவன்தான் டெவில்மேன்.

அதன் பிறகும் அவன் அழுகிறான். அரக்கனுக்கு அழத் தெரியாது. அவன் இன்னும் மனிதன்தான் என்பதற்கு அந்தக் கண்ணீர்தான் சாட்சி. தலைப்பில் "அழுமூஞ்சி" என்று இருப்பதன் பொருள் இதுதான்.

முதல் பாதி முழுவதும் சண்டை. இரண்டாம் பாதிதான் என்னை அசைத்தது. அரக்கர்கள் இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் அரக்கனாக இருப்பானோ என்ற சந்தேகம் கைபேசி வழியாகப் பரவுகிறது. மனிதர்கள் மனிதர்களையே அடிக்கக் கிளம்புகிறார்கள். அதற்குமேல் சொன்னால் பார்க்க நினைப்பவர்களுக்குச் சுவை போய்விடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் ரத்தம், உடல் சிதைவு, நிர்வாணம், பாலியல் காட்சிகள் ஆகியவை தாராளமாக உள்ளன. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது கண்டிப்பாக அல்ல. பெரியவர்களிலும் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். முதல் பகுதியிலேயே நிறுத்திவிடலாமா என்று எனக்கும் தோன்றியது.

பழவேற்காடு நினைவுக்கு வந்தது

இரண்டாம் பாதியைப் பார்த்தபோது எனக்கு ஜப்பான் நினைவு வரவில்லை. ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடுதான் நினைவுக்கு வந்தது. 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் ஊருக்குள் திரிகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றியது. பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தினரைக் கூட்டம் தாக்கியது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டி அதில் இறந்துபோனார். இரண்டு இடத்திலும் அடித்தவர்கள் அரக்கர்கள் அல்ல. பயந்துபோன சாதாரண மனிதர்கள்.

இந்தியாவில் பல மாநிலங்களில் இப்படி நடந்த பிறகுதான், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. தொடர் வெளியானது அந்த ஆண்டு ஜனவரியில். மூலக் கதை எழுதப்பட்டதோ கைபேசியே இல்லாத காலத்தில். பயமும் வதந்தியும் சேர்ந்தால் மனிதன் என்ன ஆவான் என்பதை கோ நகாய் அப்போதே வரைந்துவிட்டார். இந்தக் காரணத்துக்காகவே, வயது வந்த ஒருவர் இதைப் பார்ப்பதில் பயன் உண்டு என்ற முடிவுக்கு வந்தேன்.

பிளாஷ் செய்த மாயம்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2000 ஆம் ஆண்டையொட்டி நம் பகுதிக் கம்ப்யூட்டர் சென்டர்களில் "மல்டிமீடியா கோர்ஸ்" என்று பிளாஷ் சொல்லித் தருவார்கள். நானும் படித்தவன்தான். அப்போது அது மேக்ரோமீடியா நிறுவனத்தின் புரோகிராம். 2005 இல் அந்த நிறுவனத்தை அடோபி வாங்கியது. 2016 இல் புரோகிராமின் பெயரை அனிமேட் என்று மாற்றினார்கள். பிரவுசரில் ஓடிய பிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31 உடன் முடிவுக்கு வந்தது. படம் வரையும் புரோகிராம் வேறு, பிரவுசரில் ஓடிய பிளேயர் வேறு என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சயின்ஸ் சாரு ஸ்டூடியோ கையால் வரைவதோடு இந்தப் பிளாஷ் முறையையும் சேர்த்துப் பயன்படுத்துவதில் பெயர் பெற்றது. இதனால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு 12 படங்கள் வேண்டும். நிமிடத்துக்கு 720. இருபத்தைந்து நிமிடத்துக்கு 18,000 படங்கள். டி.வி. தொடர்களில் பல காட்சிகளை அசையாமல் நிறுத்தி இந்த எண்ணிக்கையைக் குறைப்பார்கள். பிளாஷில், ஓர் அசைவின் தொடக்கப் படத்தையும் முடிவுப் படத்தையும் கொடுத்துவிட்டால் இடைப்பட்ட படங்களைக் கம்ப்யூட்டரே நிரப்பும். இதற்கு ட்வீனிங் என்று பெயர். கை கால்கள் ரப்பர் போல நீண்டு, வளைந்து, கரைந்து ஓடும் காட்சிகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். டெவில்மேன் தொடரில் ஆட்கள் ஓடும் காட்சிகளைப் பார்த்தால் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

வயது அடையாளம் எங்கே இருக்கிறது?

2021 பிப்ரவரி 25 அன்று மத்திய அரசு புதிய தகவல் தொழில்நுட்ப விதிகளை அறிவித்தது. அதன்படி இண்டர்நெட்டில் படம் காட்டும் தளங்கள் ஒவ்வொரு படத்துக்கும் வயது அடையாளம் தர வேண்டும். அவை ஐந்து வகை.

யு - எல்லாரும் பார்க்கலாம்.
யு/ஏ 7+ - ஏழு வயதுக்கு மேல். அதற்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் துணையோடு.
யு/ஏ 13+ - பதின்மூன்று வயதுக்கு மேல். கீழே உள்ளவர்கள் பெற்றோர் துணையோடு.
யு/ஏ 16+ - பதினாறு வயதுக்கு மேல். கீழே உள்ளவர்கள் பெற்றோர் துணையோடு.
ஏ - வயது வந்தவர்களுக்கு மட்டும்.

யு/ஏ 13+ முதல் மேலே உள்ள படங்களுக்குப் பெற்றோர் பூட்டு போடும் வசதி தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. கவனியுங்கள். வசதி தர வேண்டியது தளத்தின் கடமை. பூட்டைப் போட வேண்டியது நம் வேலை.

படம் தொடங்கும்போது திரையின் ஓரத்தில் இந்த அடையாளமும், வன்முறை, பாலியல் போன்ற காரணமும் சில விநாடிகள் தெரியும். நாடு மாறினால் அடையாளமும் மாறும். டீமன் ஸ்லேயரின் முந்தைய படமான "முகென் டிரெயின்" (2020) ஜப்பானில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் ஆலோசனையோடு பார்க்கலாம் என்ற அடையாளம் பெற்றது. அமெரிக்காவில் அதே படத்துக்குப் பதினேழு வயதுக்குக் கீழ் பெரியவர் துணை இல்லாமல் அனுமதி இல்லை. ஆகவே அடையாளத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக் குழந்தையையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி வேலையைத் தொடங்குவோம்

அக்கா வீட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். அரை மணி நேரம் போதும்.

1. விண்டோஸில் தனித்தனி அக்கவுண்ட்

ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, அக்கவுண்ட்ஸ் பிரிவைக் கிளிக் செய்யுங்கள். அதில் அதர் யூசர்ஸ் என்ற இடத்தில் புதிய அக்கவுண்ட் சேர்க்கலாம். பெற்றோர் ஒருவருக்கு மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்ட் போதும். ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்ட் அல்லது பின் நம்பர் கொடுங்கள்.

இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. பிரவுசரில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் தளங்கள் உங்கள் அக்கவுண்ட்டில் மட்டுமே இருக்கும். பாப்பா தன் அக்கவுண்ட்டில் நுழைந்தால் அண்ணன் பாதியில் விட்ட படம் அவள் கண்ணிலேயே படாது. முதல் நாளே இதை மட்டும் செய்திருந்தால் இவ்வளவு கலவரம் இல்லை.

2. குழந்தைக்கு ஃபேமிலி அக்கவுண்ட்

அதே அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஃபேமிலி என்று ஒன்று உள்ளது. அதில் குழந்தையின் வயதைக் கொடுத்து அக்கவுண்ட் தொடங்கினால், எத்தனை மணி நேரம் பயன்படுத்தலாம், எந்தத் தளங்களைத் திறக்கலாம் என்று பெற்றோரே தீர்மானிக்கலாம். தளங்களை வடிகட்டும் வசதி எட்ஜ் பிரவுசரில்தான் இயங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

3. எழுந்து போகும்போது பூட்டு

விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு எல் எழுத்தைத் தட்டுங்கள். திரை பூட்டிக்கொள்ளும். மானிட்டரை அணைப்பது கம்ப்யூட்டரை அணைப்பது ஆகாது. புதிதாக வாங்கியவர்களில் பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

4. படத் தளத்தில் தனித்தனி புரொபைல்

நெட்பிளிக்ஸில் ஒரே கட்டணத்தில் பல புரொபைல்கள் வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக அக்கவுண்ட் பக்கத்துக்குச் சென்று புரொபைல்கள் பகுதியைத் திறங்கள். குழந்தைக்குக் கிட்ஸ் புரொபைல் தொடங்குங்கள். ஒவ்வொரு புரொபைலுக்கும் எந்த வயது அடையாளம் வரை காட்டலாம் என்று குறிக்கலாம். குறிப்பிட்ட ஒரு படத்தின் பெயரைக் கொடுத்து, அது அந்தப் புரொபைலில் வராமலே செய்யலாம்.

பெரியவர்கள் புரொபைலுக்கு நான்கு இலக்க பின் நம்பர் போடுங்கள். புதிய புரொபைல் சேர்க்கவும் பின் நம்பர் கேட்கும்படி அமைக்க முடியும். அதையும் மறக்காமல் செய்யுங்கள். இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள் பூட்டிய கதவை விட்டுவிட்டுப் புதுக் கதவு திறந்துவிடுவார்கள். பிறந்த நாளையோ வண்டி நம்பரையோ பின் நம்பராக வைக்காதீர்கள்.

5. தானாக ஓடுவதை நிறுத்துங்கள்

ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்குவதைப் பிளேபேக் செட்டிங்ஸில் நிறுத்தலாம். மவுஸை வைத்தாலே முன்னோட்டம் ஓடுவதையும் அங்கேயே நிறுத்தலாம். சில மாற்றங்கள் உடனே தெரியாவிட்டால் ஒருமுறை வெளியே வந்து மீண்டும் நுழையுங்கள்.

6. இடமும் நேரமும்

ஹாலில் கம்ப்யூட்டர் இருந்தால், பெரியவர்களுக்கான தொடரைக் குழந்தைகள் தூங்கிய பிறகு ஹெட்போனோடு பாருங்கள். மானிட்டர் கதவைப் பார்த்தபடி இருந்தால் சற்றுத் திருப்பி வையுங்கள். எந்த சாஃப்ட்வேரும் இதைச் செய்து தராது.

பார்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

கட்டணம் கட்டும் முன், நீங்கள் எடுக்கும் திட்டம் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று படித்துப் பாருங்கள். கைபேசிக்கான மலிவுத் திட்டங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எச்.டி. தரத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை செலவாகும். பத்துப் பகுதிகளும் சேர்ந்து சுமார் நான்கு மணி நேரம். அதாவது 12 ஜி.பி. வரை. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் டேட்டா தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

குரல் மொழியையும் சப்டைட்டிலையும் மாற்ற, படம் ஓடும்போது கீழே தெரியும் பேச்சுக் குமிழி போன்ற படத்தைக் கிளிக் செய்யுங்கள். ஜப்பானியக் குரலோடு ஆங்கில சப்டைட்டில் வைத்துப் பார்த்தால் நடிப்பின் அழுத்தம் நன்றாகத் தெரியும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் படம் நிற்கும். எஃப் எழுத்து முழுத்திரை. எம் எழுத்து ஒலி நிறுத்தம். இடது, வலது அம்புக்குறி கீகள் பத்து விநாடி பின்னும் முன்னும் நகர்த்தும்.

திருட்டுத் தளங்களில் டவுன்லோட் செய்யாதீர்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே வயது அடையாளமும் இல்லை, பூட்டும் இல்லை. படம் என்று நினைத்து நீங்கள் இறக்கும் பைலின் பெயர் முடிவில் இ.எக்ஸ்.இ. என்று இருந்தால் அது படமே அல்ல, புரோகிராம். என்னிடம் சர்வீசுக்கு வரும் கம்ப்யூட்டர்களில் இப்படிக் கெட்டுப்போனவை நிறைய.

அந்த ஞாயிற்றுக்கிழமை

எல்லாம் செய்து முடித்தபின் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின் நம்பரை அவரே போட்டார். "நான் பத்துப் பகுதியும் பார்த்தேன் அத்தான். பாப்பாவுக்கு இது விஷம்தான். ஆனா இவன் பார்க்கக்கூடாத படம் இல்ல. இவன் படிக்கிற படிப்பே இதுதான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து பீரோவைத் திறந்து மோடத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். மகன் பக்கம் திரும்பாமலே, "புராஜெக்ட் எப்போ குடுக்கணுமாம்?" என்று கேட்டார். "நாளைக்கு வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன்பா" என்று அவனே பதில் சொன்னான். ஏழு நாளில் இருவரும் பேசிய முதல் பேச்சு அது.

பாப்பாவின் பயம் மட்டும் செட்டிங்ஸில் போகவில்லை. அதைப் போக்கியவன் அவள் அண்ணன். தன் அனிமேஷன் புரோகிராமைத் திறந்து அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டான். ஒரு மனித முகம் வரைந்தான். இருபது பிரேம் தள்ளி, அதே முகத்துக்குக் கோரைப்பல்லும் கொம்பும் வைத்தான். நடுவில் உள்ளவற்றைக் கம்ப்யூட்டர் நிரப்பியது. அவள் கையில் மவுஸைக் கொடுத்து, கீழே உள்ள டைம்லைனை இழுக்கச் சொன்னான். வலப்பக்கம் இழுத்தால் அரக்கன். இடப்பக்கம் இழுத்தால் மனிதன். அவள் முதலில் பயந்து பயந்து இழுத்தாள். பிறகு வேகமாக இழுத்தாள். "திரும்ப மனுஷனா ஆயிட்டாரு பாரு மாமா" என்று சிரித்தாள். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மீசை வரையச் சொன்னாள். அவள் அப்பாவின் மீசை. அன்று இரவு லைட்டை அணைத்துவிட்டுத் தூங்கினாள் என்று மறுநாள் அக்கா போன் செய்தாள்.

உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் ஒரே அக்கவுண்ட்டில் திறந்து கிடக்கிறதா? இந்த இதழைப் படித்து முடித்த கையோடு முதல் குறிப்பையாவது செய்துவிடுங்கள். நீங்கள் அசெம்பிள் செய்து கொடுப்பவராக இருந்தால், அடுத்த வாடிக்கையாளரிடம் அந்த மூன்றாவது கேள்வியை நீங்களே கேளுங்கள். நான் இப்போது கேட்கிறேன்.